சீவா பாலைவனச்சோலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்தின் மேற்குக் கோடியில் உள்ள சீவா பற்றித் தமிழில் கிடைப்பது பெரும்பாலும் அலெக்சாந்தர் கதை ஒன்றுதான். அந்த ஊரை உண்டாக்கியது உப்பும் தண்ணீரும். இன்று அதற்கு வந்திருக்கும் ஆபத்தும் அந்த இரண்டால்தான். வரலாறு, மக்கள், வீடு, தோட்டம், பயணம் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

சீவா சரியாக எங்கே இருக்கிறது?

லிபிய எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் கிழக்கே. மத்தியதரைக் கடலோரத்து மர்சா மத்ரூஹ் நகரிலிருந்து தெற்கு, தென்மேற்காகச் சுமார் 300 கிலோமீட்டர். தெற்கே எல்லை போட்டதுபோலப் பெரிய மணற்கடல் தொடங்குகிறது. அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஊரே கிடையாது.

சீவா இருப்பது ஒரு பள்ளத்தில். ஊர்ப்பகுதி கடல் மட்டத்துக்குச் சுமார் 18 மீட்டர் கீழே கிடக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊற்று பொங்குவது, ஏரி உப்பாவது, தோட்டம் சாவது எல்லாவற்றுக்கும் காரணம் இந்தப் பள்ளம்தான்.

‘சீவா’ என்ற பெயருக்கும் சிவனுக்கும் தொடர்பு உண்டா?

இல்லை. ஒலி ஒற்றுமை மட்டுமே. இடைக்கால அரபு எழுத்தாளர்கள் இந்த ஊரைச் ‘சாந்தரிய்யா’ என்றார்கள். கிரேக்கர்களுக்கு இது அம்மோன் கடவுளின் ஊர். ‘சீவா’ என்ற பெயர் பிற்காலத்தில்தான் நிலைத்தது.

அங்கே வாழ்பவர்கள் அரபுகளா?

பெரும்பான்மையினர் அமசிக் மக்கள். வெளியார் ‘பெர்பர்’ என்று சொல்லும் இனம். மொராக்கோவிலிருந்து சகாரா முழுக்கப் பரவியிருக்கும் அமசிக் மொழிகளின் கிழக்கு எல்லை சீவாதான். எகிப்தில் அமசிக் மொழி பேசும் இடங்கள் இரண்டே: சீவாவும், அதற்கு வடகிழக்கே கத்தாரா பள்ளத்தின் ஓரத்தில் உள்ள காரா என்ற சிறு கிராமமும். சீவா பள்ளத்தின் மேற்குப் பகுதியான மராகியில் அரபு பேசும் பெதூயின் குடும்பங்களும் உண்டு. சகாராவின் தெற்கிலிருந்து அடிமை வணிகத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் ஊரில் கலந்திருக்கிறார்கள். சீவா வழியாகப் போன ஒட்டக வரிசைகள் பேரீச்சையை மட்டும் சுமக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சீவி மொழி எப்படிப்பட்டது?

பேசுபவர்கள் தங்கள் மொழியை ‘ஜ்லான் ன் இசிவான்’, அதாவது சீவாக்காரர் பேச்சு என்கிறார்கள். தண்ணீருக்கு ‘அமான்’, ஆலிவுக்கு ‘அசெம்மூர்’. இவை மொராக்கோ மலைகளில் உள்ளவருக்கும் புரியும். ஆனால் நூற்றாண்டுகளாக அரபியோடு கலந்ததில் எண்கள்கூட மாறிவிட்டன. ஒன்று, இரண்டு மட்டும் பழைய சொற்கள், மூன்றிலிருந்து அரபிதான்.

இந்த மொழியில் ஓர் அபூர்வம் இருக்கிறது. சுட்டுச்சொற்களில் ஒரு வகை, சுட்டப்படும் பொருளைப் பார்த்து மட்டுமல்ல, கேட்பவரைப் பார்த்தும் மாறும். ஆணிடம் சொன்னால் ‘வொக்’, பெண்ணிடம் சொன்னால் ‘வொம்’, பலரிடம் சொன்னால் ‘வெர்வென்’. பொருள் ஒன்றே. நாம் ‘என்னடா’, ‘என்னடி’ என்று வால் ஒட்டுவதை அவர்கள் ‘அது’ என்ற சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். உலக மொழிகளில் இது மிக அரிது.

பள்ளியில் இந்த மொழிக்கு இடம் இல்லை. பாடம் முழுவதும் அரபியில். வீட்டுப் பேச்சுதான் இதைக் காத்து வருகிறது. அழியும் ஆபத்திலுள்ள மொழிகளின் யுனெஸ்கோ பட்டியலில் சீவியும் இருக்கிறது.

அலெக்சாந்தர் இங்கே ஏன் வந்தார்?

குறி கேட்க. சீவாவின் அகூர்மி குன்றின்மேல் அமுன் கோயில் இருந்தது. கிரேக்கர் சொல்லும் அம்மோன் இந்த அமுன்தான். இன்று இடிபாடாக நிற்கும் கட்டடம் 26ஆம் அரச மரபின் அமாசிஸ் மன்னன் காலத்தது (கி.மு. 570–526). இங்கே சொல்லப்படும் குறிக்குக் கிரேக்க உலகம் முழுவதும் மதிப்பு இருந்தது. கி.மு. 331இன் தொடக்கத்தில் எகிப்தைக் கைப்பற்றிய கையோடு அலெக்சாந்தர் கடலோரமாக வந்து பாலையைக் கடந்தார். தனியாக உள்ளே போனார். என்ன கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்பது யாருக்கும் தெரியாது. பின்னால் எழுதியவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்.

குறி சொல்லும் முறையைக் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதியிருக்கிறார். கடவுளின் உருவத்தைப் பொற்படகில் ஏற்றி 80 பூசாரிகள் தோளில் சுமப்பார்கள். படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் நடப்பார்கள். அந்த அசைவே பதில். சாமி தூக்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அலெக்சாந்தரின் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க் சொல்லும் ஒரு சேதியும் உண்டு. பூசாரி அலெக்சாந்தரை அன்போடு ‘பிள்ளாய்’ என்று கிரேக்கத்தில் அழைக்க முயன்றாராம். உச்சரிப்புப் பிசகி, கடைசி எழுத்து மாறியதில் அது ‘சியூசின் மகனே’ என்று கேட்டதாம். ஒரு மெய்யெழுத்துப் பிசகால் கடவுளின் மகனானார் என்பது கட்டுக்கதையாகவும் இருக்கலாம். ஆனால் கிரேக்கம் தாய்மொழியில்லாத ஒரு பூசாரி பேசியதை அது கண்முன் கொண்டுவருகிறது.

அம்மோனியாவுக்கும் சீவாவுக்கும் என்ன தொடர்பு?

பெயர்த் தொடர்பு. பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது தூவும் நவச்சாரத்தை ஐரோப்பியர் ‘அம்மோனின் உப்பு’ என்றார்கள். அந்த அம்மோன் இந்தக் கோயிலின் கடவுள். அதிலிருந்து பிறந்த சொல்தான் அம்மோனியா. அமுனுக்கு ஆட்டுக்கடாக் கொம்பு உண்டு. அதேபோலச் சுருண்ட கல்லான உயிரிகளுக்கு அம்மோனைட் என்று பெயர் வைத்தார்கள். நம் பூசை அறைகளில் இருக்கும் சாளக்கிராமம் அந்த வகைப் புதைபடிவம்தான்.

பழைய கோயில்கள் ஏன் இவ்வளவு சிதைந்து கிடக்கின்றன?

அகூர்மி குன்று உதிர்ந்துகொண்டிருப்பது ஒரு காரணம். மனிதர் கை இன்னொரு காரணம். அருகில் உம் உபைதாவில் எகிப்திய மன்னன் இரண்டாம் நெக்தனேபோ கட்டிய கோயில் பெருமளவு நின்றிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசு அதிகாரி ஒருவர் கட்டடக் கல்லுக்காக அதை வெடிவைத்துத் தகர்த்தார். எழுத்துகள் செதுக்கிய ஒற்றைச் சுவர்தான் மிச்சம்.

இதற்கு நேர்மாறாக, ‘இறந்தோர் மலை’யில் சில வண்ணக் கல்லறைகள் இரண்டாம் உலகப்போரின்போது வெளிப்பட்டன. குண்டுவீச்சுக்குப் பயந்து ஊர்மக்கள் மலைக்குகைகளில் ஒதுங்கியபோது கண்டெடுத்தவை அவை. சீ-அமுன் என்பவரின் கல்லறை ஓவியம் அவற்றில் தலையானது. அதில் கிரேக்கத் தாடியும் எகிப்தியக் கடவுள்களும் ஒரே சுவரில் இருக்கின்றன.

ஷாலி கோட்டையைக் கட்டியது யார்?

சீவாக் குடும்பம் ஒன்றின் கையில் வழிவழியாக வந்த ஏடு ஒன்று உண்டு. அதன்படி, கொள்ளையரின் தொடர் தாக்குதலால் ஆள் குறைந்துபோன அகூர்மியை விட்டு, ஏழு குடும்பங்களைச் சேர்ந்த 40 ஆண்கள் 1203இல் பக்கத்துக் குன்றில் புது ஊரை அமைத்தார்கள். ‘ஷாலி’ என்றால் ஊர் என்றுதான் பொருள். சுற்றி மதில், முதலில் ஒரே வாசல். யாரும் மதிலுக்கு வெளியே வீடு கட்டக்கூடாது. மக்கள் பெருகியபோது ஊர் அகலமாக வளர முடியாமல் உயரமாக வளர்ந்தது. மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு மாடி. தெருக்கள் கூரை மூடிய குகைப்பாதைகளாகி, பகலிலும் இருட்டாகிவிட்டன.

உப்பில் வீடு கட்டுவது எப்படி?

அந்தக் கட்டுமானப் பொருளின் பெயர் கர்ஷீஃப். ஏரிக்கரையில் காய்ந்து இறுகிய உப்பும் களிமண்ணும் கலந்த பாளம் அது. கட்டும் முறை இப்படி:

ஏரியோரத்துப் பாளத்தைக் கடப்பாரையால் பெயர்த்து, கையில் தூக்கும் அளவுக்கு உடைத்துக்கொள்வார்கள். செங்கல்போல ஒரே அளவாகச் செதுக்குவதில்லை. ஒழுங்கற்ற கட்டிகளாகவே வைப்பார்கள். இடையில் பூசும் சாந்தும் உப்புச்சத்துள்ள களிமண்தான். அதைக் குழைத்து உருண்டையாக்கிக் கையாலேயே அடித்து வைப்பார்கள். சுவர் அடியில் அகலமாக இருக்கும். மேலே போகப்போக மெலியும். கொஞ்சம் உயரம் எழுப்பியதும் நிறுத்திவிட்டுக் காயவிட வேண்டும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஏற்றினால் கீழ்ச்சாந்து பிதுங்கி, சுவர் வயிறு தள்ளிவிடும். சாரம் கட்டுவதில்லை, கொத்தனார் கட்டிய சுவர்மேலேயே கால் பரப்பி உட்கார்ந்து முன்னேறுவார்.

காயும்போதுதான் வேலை நடக்கிறது. ஈரம் வெளியேற, சாந்திலுள்ள உப்பு படிகமாகி, கட்டிகளிலுள்ள உப்போடு பின்னிக்கொள்ளும். நாளாக ஆக, கட்டி எது, சாந்து எது என்று பிரிக்க முடியாமல் சுவர் முழுவதும் ஒரே பாறைபோல ஆகிவிடும். கிட்டப்போய்ப் பார்த்தால் சாம்பல் நிறச் சுவரில் உப்புமணிகள் வெயிலில் மின்னும்.

கூரைக்குப் பேரீச்ச மரத்தைப் பிளந்து உத்தரம் போடுவார்கள். அது தாங்கும் தூரம் குறைவு என்பதால் அறைகள் ஒடுக்கமாகவே இருக்கும். உத்தரத்தின்மேல் மட்டை, ஓலை, அதற்குமேல் மண். வாசல், சன்னலுக்கு மேலே வரும் கட்டைக்கு ஆலிவ் மரம். அது அதிகம் உறுதியானது.

மழை பெய்தால் என்ன ஆகும்?

கரையும். 1926இல் மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்தது. மழையே அபூர்வமான ஊரில் அது பேரழிவு. ஷாலியின் வீடுகள் உருகி வழிந்தன; பல இடிந்தன. மக்கள் மெல்ல மெல்லக் குன்றை விட்டிறங்கிக் கீழே வீடு கட்டினார்கள். பழைய வீட்டின் உத்தரங்களையும் கதவுகளையும் கழற்றிக்கொண்டு போனதால் மிச்சமும் சரிந்தது. மரம் அரிய இடத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு சில பகுதிகள் பழைய முறையிலேயே சீரமைக்கப்பட்டு, 2020இல் ஷாலி மீண்டும் திறக்கப்பட்டது.

இன்று கர்ஷீஃப் வீட்டைப் பழுதுபார்க்கும்போது நடக்கும் தவறுகள் என்ன?

முதல் தவறு சிமெண்ட் பூச்சு. சுவரிலுள்ள உப்பு சிமெண்டோடு ஒட்டாது. பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, தகடு தகடாகப் பெயர்த்துத் தள்ளும். உள்ளே கம்பி இருந்தால் துரு பிடித்து வெடிக்கும். இரண்டாவது, குளியலறை. பழைய வீடுகளுக்குள் குழாய் கிடையாது. இப்போது குழாய் இழுக்கிறார்கள். ஒரு சிறு கசிவு போதும், சுவர் அடியிலிருந்து கரைந்துவிடும். ஈர அறையைக் கல்லில் தனியாகக் கட்டி, கர்ஷீஃப் சுவரைத் தொடாமல் இடைவெளி விடுவதே சரி. மூன்றாவது, நிலத்தடி ஈரம். ஏரி மட்டம் உயர்ந்த இடங்களில் சுவர் அடியிலிருந்து ஈரம் குடிக்கிறது. எந்தப் பூச்சும் இதற்கு மருந்தல்ல.

வெயில் காலத்தில் கான்கிரீட் வீடு அடுப்பாகிறது. கனத்த கர்ஷீஃப் சுவர் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கிறது. ஆனாலும் புது வீடுகள் கான்கிரீட்டில்தான் வருகின்றன. பராமரிக்கத் தெரிந்த கைகள் குறைந்ததே பெரிய காரணம்.

கிழக்கர், மேற்கர் என்ற பிரிவு என்ன?

ஷாலிக்குள் ஒரே மதிலுக்குள் வாழ்ந்த இரண்டு அணிகள். குன்றின் கிழக்குப் பக்கக் குலங்கள் ஒன்று, மேற்குப் பக்கக் குலங்கள் மற்றொன்று. வாய்க்கால், நிலம், வழி எனக் காரணம் எதுவானாலும் சண்டை முறைப்படி நடக்கும். நாள் குறித்து, முரசு அடித்து, திறந்த வெளியில் இரு அணியும் நிற்கும். பெண்கள் பின்னால் நின்று கல் சேர்த்துக் கொடுப்பார்கள். 1820இல் எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலியின் படை வந்து சீவாவை எகிப்தோடு சேர்த்த பிறகும் இந்தப் பகை உடனே ஓயவில்லை.

19ஆம் நூற்றாண்டில் மதனிய்யா சூஃபி மரபின் பெரியவர் இருவரையும் சேர்த்துவைத்ததன் நினைவாகவே ‘சியாஹா’ விழா நடக்கிறது என்பார்கள். அக்டோபர் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள், தக்ரூர் மலையடியில். எல்லா வீட்டிலிருந்தும் ரொட்டியும் அரிசியும் இறைச்சியும் வந்து ஒரே சமையலாகும். வட்டம் வட்டமாக உட்கார்ந்து, எல்லோர் முன்னும் உணவு வந்தபின்தான் கை வைக்கலாம். பகை இருந்தால் விழா முடிவதற்குள் தீர்த்துவிட வேண்டும்.

சக்காலா என்பவர்கள் யார்?

நிலச்சொந்தக்காரர்களின் தோட்டங்களில் உழைத்த மணமாகாத ஆண்கள். நாற்பது வயதுவரை மணமுடிக்கவும், இரவில் மதிலுக்குள் தங்கவும் அவர்களுக்கு அனுமதி இல்லை என்பது பழைய கட்டுப்பாடு. பகலில் தோட்டவேலை, இரவில் காவல். ஊரின் இசையும் பாட்டும் அவர்களிடமிருந்தே வந்தன. சீவாவின் செல்வம் முழுவதும் இவர்கள் முதுகில் ஏறி நின்றது. வரலாற்றில் இவர்கள் பெயர் இல்லை. பயணிகள் எழுதியதெல்லாம் இவர்களின் குடியைப் பற்றித்தான்.

‘குடி’ என்றால் என்ன குடித்தார்கள்?

லக்பி, பேரீச்ச மரத்தின் சாறு. இறக்கியவுடன் பதநீர்போல இனிப்பு, வைத்திருந்தால் கள். ஆனால் பனையோடு ஒரு வேறுபாடு உண்டு. பனையில் பாளையைச் சீவுகிறோம், மரத்துக்குக் கேடில்லை. பேரீச்சையில் உச்சிக்குருத்தின் பக்கத்தில் சீவுகிறார்கள். அளவு மீறினால் மரமே போய்விடும். அதனால் காய்ப்பு ஓய்ந்த மரத்தையே இதற்குத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

பேரீச்சைத் தோட்டம் எப்படி நடத்தப்படுகிறது?

மூன்று அடுக்கு. மேலே பேரீச்சை, அதன் நிழலில் ஆலிவ், தரையில் கால்நடைக்குக் குதிரைமசால். தென்னந்தோப்பில் ஊடுபயிர் வைப்பதன் அதே கணக்கு. இந்த வேளாண்முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த மரபு என்று ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 2016இல் அறிவித்தது.

விதையிலிருந்து வளர்த்தால் பாதி ஆண்மரமாகும், பழமும் தாய்போல வராது. அதனால் தாய்மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக்கன்றை, சொந்த வேர் விட்டபின் வெட்டி நடுகிறார்கள். நடும்போது குருத்துக்குள் தண்ணீர் புகாதபடி, குருத்து மண்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், புகுந்தால் அழுகல்தான். இளவேனிலில் ஆண்மரப் பாளையிலிருந்து சில இழைகளை எடுத்து, விரியும் பெண்பாளைக்குள் செருகி, ஓலைநாரால் தளரக் கட்டுவார்கள். ஒரு ஆண்மரம் பல பத்து பெண்மரங்களுக்குப் போதும். பாளை விரிந்து சில நாள் தவறினால் அந்தக் குலையில் பிஞ்சு பிடிக்காது. இலையுதிர்காலத்தில் அறுவடை, அந்த நேரத்தில் மழை தூறினால் பழம் புளித்துவிடும்.

வகைகளில் ‘சஈதி’ அரைகாய்ந்த பழம், வணிகத்தின் முதுகெலும்பு. ‘ஃப்ரேஹி’ சுவையில் மேல், விலையும் அதிகம். ‘அஸ்ஸாவி’ பெரும்பாலும் கழுதைக்கும் ஆட்டுக்கும் போகும். இந்தத் தோட்டங்களுக்குப் பெரிய எதிரி, நம் தென்னை விவசாயிகள் நன்கறிந்த சிவப்புக் கூன்வண்டு. 1990களின் தொடக்கத்தில் எகிப்துக்குள் நுழைந்தது. வெளியூர்க் கன்றை வாங்கி நடுவதுதான் அதற்குக் கதவு திறப்பது.

தண்ணீர் ஏராளம் என்கிறார்கள்; பிறகு தண்ணீரால் என்ன ஆபத்து?

சீவாவின் முக்கியமான கேள்வி இதுதான். பள்ளத்துக்கு வடிகால் இல்லை. ஊற்றுநீர் தோட்டத்தில் பாய்ந்து, மண்ணின் உப்பைக் கரைத்து, தாழ்ந்த ஏரிக்கு வந்து சேரும். வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடும். பழைய காலத்தில் ஊற்றுகள் தாமாக ஊறியதை நேரக்கணக்கில் பங்கிட்டார்கள். நிலம் வேறு, நீர்ப்பங்கு வேறு. யாருக்கு எந்த முறை என்று ஊற்றுக்குக் காவலர் இருந்தார். அளவு கட்டுக்குள் இருந்தது.

1980களில் சாலை வந்தது. தனியார் கிணறுகள் வந்தன. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. பல கிணறுகளுக்கு மூடும் வால்வுகூட இல்லை. இரவு பகலாகத் தண்ணீர் வீணாகப் பாய்ந்தது. ஏரிகள் அகன்றன, நிலத்தடி நீர்மட்டம் வேர்வரை ஏறியது. முதலில் பழமரங்கள் பட்டன, அடுத்து ஆலிவ், கடைசியில் உப்பைத் தாங்கும் பேரீச்சையும் நுனி கருகியது. தண்ணீர் அதிகமாகித் தோட்டம் சாகும் பாலைவனம் இது. அண்மை ஆண்டுகளில் அரசு உப்புக் கிணறுகளை அடைத்து, வடிகால்நீரைச் சோலைக்கு வெளியே தாழ்ந்த பாலைக்குக் கொண்டுசெல்லக் கால்வாய் வெட்டியது. கால்வாய் உதவும். ஆனால் தோட்டக்காரர் வால்வை மூடாதவரை இது ஓட்டைக் குடத்துக்கு அடியில் பாத்திரம் வைப்பதுதான்.

ஒரு ஊற்று நடுப்பகலில் குளிர்ந்தும் நள்ளிரவில் சூடாகவும் இருக்கும் என்பது உண்மையா?

பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தஸ் அப்படி எழுதினார். இன்று ‘கிளியோபாத்ரா குளம்’ என்று காட்டப்படும் ஐன் அல்-குபா ஊற்றே அது என்று கருதப்படுகிறது. ஆழத்திலிருந்து வரும் நீரின் வெப்பம் நாள் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது காற்று. வெயிலில் இறங்கினால் சில்லென்று இருக்கும், குளிர்ந்த இரவில் வெதுவெதுப்பாக இருக்கும். நம் ஊர்க் கிணற்றுநீர் மார்கழி விடியலில் ஆவி பறப்பதும் இதனால்தான்.

போவதற்கு ஏற்ற காலம் எது, என்ன கவனிக்க வேண்டும்?

அக்டோபர் முதல் மார்ச் வரை. சனவரி இரவுகளில் கடுங்குளிர், கம்பளி வேண்டும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். கெய்ரோவிலிருந்து பேருந்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். வழியில் சோதனைச்சாவடிகள் உண்டு. கடவுச்சீட்டு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மணற்கடலுக்குள் போகவும் பஹரிய்யா சோலைக்குச் செல்லும் பாலைவழியில் போகவும் இராணுவ அனுமதி தேவை. முன்கூட்டியே உள்ளூர் வழிகாட்டி மூலம் வாங்குங்கள். அனுமதியில்லாமல் யாராவது கூட்டிப்போகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

பெண்களைப் படம் எடுக்கக் கூடாது. மணமான பெண்கள் வெளியே வரும்போது தலைமுதல் கால்வரை மூடும் நீலச்சாம்பல் போர்வை ‘தர்ஃபூத்தெத்’. கெய்ரோவுக்கு அருகே கெர்தாசாவில் சீவாவுக்கென்றே நெய்யப்பட்டுவந்த துணி அது. ஊற்றுகளில் குளிக்கப் பெண்கள் முழு உடையோடு இறங்குவதே முறை. ஊரில் மது விற்பனை இல்லை.

உப்புக்குட்டைகளில் மிதப்பது பாதுகாப்பானதா?

உப்பு வெட்டி எடுத்த பள்ளங்களில் நிறைந்த நீர் அது. மூழ்குவது கடினம், ஆனால் குப்புறக் கவிழ்ந்தால் திரும்புவது சிரமம், எனவே மல்லாந்தே இருங்கள். இறங்குவதற்கு முந்தின நாள் சவரம் செய்யாதீர்கள். சிறு கீறலும் நெருப்பாக எரியும். விளிம்புப் படிகங்கள் கண்ணாடிபோல வெட்டும், ரப்பர் செருப்போடு இறங்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கண்ணில் பட்டால் கையால் தேய்க்கக் கூடாது, கையிலும் அதே உப்புதான். கரையில் ஒரு பெரிய பாட்டில் நல்ல தண்ணீரை மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டு இறங்குங்கள். தேவைப்படும் நேரத்தில் உப்புக் கையால் மூடியைத் திறக்க முடியாது.